கம்பளிப்பூச்சி: தொடலாமா, தொட்டுவிட்டால் என்ன செய்வது?

அத்தியாயம் 7

வடகிழக்குப் பருவமழை இரண்டு மூன்று முறை அடித்துப் பெய்து ஓய்ந்ததும் தாம்பரம் பக்கத்து வீடுகளில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். "முருங்கை மரம் பூரா கம்பளிப்பூச்சி, கிட்டவே போக முடியலை." சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர் என்று எங்கு பார்த்தாலும் தனி வீடுகளின் காம்பவுண்டு ஓரத்தில் ஒரு முருங்கை நிற்கிறது. பக்கத்திலேயே வண்டலூர்க் காடும் நன்மங்கலம் காப்புக்காடும் இருக்கின்றன. கிழக்குத் தாம்பரத்தில் 1937 முதல் இயங்கும் கிறித்தவக் கல்லூரி வளாகத்தின் புதர்க்காடும் இருக்கிறது. மரம் இருக்கும் ஊரில் அந்துப்பூச்சி இருக்கும். அந்துப்பூச்சி முட்டையிட்டால் புழு வரும். அதில் சில வகைக்கு உடம்பெல்லாம் மயிர்.

இந்த அத்தியாயம் வீட்டில் குழந்தை வைத்திருப்பவர்களுக்கும், தோட்டம் வைத்திருப்பவர்களுக்கும், பள்ளி ஆசிரியர்களுக்கும், அடுக்ககச் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் எழுதப்பட்டது.

முதலில் பதில்

கம்பளிப்பூச்சி கடிக்காது, துரத்தாது, குத்த வேண்டும் என்று தேடி வராது. நம் பகுதியில் காணும் பெரும்பாலான கம்பளிப்பூச்சிகளைத் தொட்டால் அரிப்பும் சிவப்பும் தடிப்பும் வரும். சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ தானாக அடங்கிவிடும். உயிருக்கு ஆபத்து என்பது மிக அரிது.

ஆனால் மூன்று இடங்களில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒன்று, கண். இரண்டு, வாயும் தொண்டையும். மூன்று, ஒவ்வாமை உள்ளவர்களின் உடம்பு. இந்த மூன்றுக்கும் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

ஆகவே விதி எளிது. மயிர் உள்ள எந்தப் புழுவையும் வெறுங்கையால் தொடாதீர்கள். பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள். அந்தக் கையைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள்.

சொணை எப்படி வேலை செய்கிறது

புழுவின் உடம்பில் இருக்கும் மயிரைத்தான் நாம் சொணை என்கிறோம். எல்லா மயிரும் ஒரே மாதிரி அல்ல. மூன்று வகையாகப் பிரித்துப் புரிந்துகொண்டால் போதும்.

முதல் வகை வெறும் மயிர். நீளமாக, அடர்த்தியாக, பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் நஞ்சு எதுவும் கிடையாது. பறவைக்கும் குளவிக்கும் எட்டாமல் காக்கும் வேலி அது. தோல் மென்மையாக இருப்பவர்களுக்கு மட்டும் லேசாக உறுத்தும்.

இரண்டாம் வகை உதிரும் மயிர். நுனி கூர்மையாகவும் பக்கவாட்டில் நுண்ணிய முள்ளோடும் இருக்கும். பட்டவுடன் புழுவின் உடம்பிலிருந்து கழன்று நம் தோலில் ஏறி நின்றுவிடும். இங்குதான் தேய்ப்பது கெடுதல். தேய்க்கத் தேய்க்க மயிர் உடைந்து இன்னும் ஆழத்துக்குப் போகும். ஒரு விரலில் பட்டது கழுத்துக்கும் முகத்துக்கும் பரவும். சில இனங்களில் இந்த மயிரில் புரதங்கள் இருக்கும். அவை தோலில் ஒவ்வாமையைத் தூண்டும். ஐரோப்பாவின் ஓக் மரங்களில் வரிசை கட்டி ஊரும் ஒரு புழு இதற்குப் பேர்போனது. அதன் சொணை ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. காற்றில் பறந்தே ஆட்களை அவதிப்படுத்தும். 2006இல் அது லண்டனில் காணப்பட்டதிலிருந்து அங்கே ஆண்டுதோறும் மரங்களைச் சோதித்து அந்தப் புழுவை அகற்றுகிறார்கள்.

மூன்றாம் வகை நஞ்சு முள். உள்ளே குழலாக இருக்கும். அடியில் நஞ்சு சுரக்கும் திசு. முள் உடைந்தால் நஞ்சு தோலுக்குள் இறங்கும். இதில் அரிப்புக்கு முன்னால் சுரீரென்று எரிச்சலும் வலியும் வரும்.

உலகத்திலேயே மிகக் கொடிய புழு தென் அமெரிக்காவில் இருக்கிறது. லோனோமியா என்ற அந்துப்பூச்சியின் புழு அது. அதன் முள்ளில் உள்ள நஞ்சு இரத்தம் உறைவதைக் கெடுத்து உடம்புக்குள் இரத்தக் கசிவை உண்டாக்கும். பிரேசிலில் சாவோ பாலோ நகரிலுள்ள புட்டான்டான் நிறுவனம் அதற்கு மாற்று மருந்தே தயாரிக்கிறது. அந்தப் புழு இந்தியாவில் இல்லை. வாட்ஸ்அப்பில் "தொட்டால் நாலு நிமிடத்தில் மரணம்" என்று படத்தோடு வரும் செய்திகளை நம்பிப் பதறாதீர்கள். பிறருக்கு அனுப்பவும் செய்யாதீர்கள்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். புழு செத்தாலும் சொணை சாகாது. புழு உரித்துப்போட்ட சட்டையிலும், காய்ந்து விழுந்த உடலிலும், கூட்டிலும் அது அப்படியே இருக்கும். "செத்துடுச்சு, எடுத்துப் போடு" என்று குழந்தையிடம் சொல்லக் கூடாது.

எந்த மரத்தில் எந்தப் புழு

பெயரை விட மரத்தை வைத்து அடையாளம் காண்பது நமக்கு எளிது.

*முருங்கை.* தாம்பரம் வட்டாரத்தில் கம்பளிப்பூச்சி என்றால் பத்தில் ஒன்பது பேர் நினைப்பது இதைத்தான். யூப்டெரோட் மாலிஃபெரா என்பது அறிவியல் பெயர். மழை பெய்து மண் நனைந்ததும் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகக் கிடந்தவை மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் பெரிய அந்துப்பூச்சியாக வெளிவரும். பெண் பூச்சி இலையிலும் இளந்தண்டிலும் கொத்தாக முட்டையிடும். பொரித்து வரும் புழுக்கள் கூட்டமாகவே வாழும். இரவில் மேலே ஏறி இலையை மொட்டையடிக்கும். பகலில் இறங்கி அடிமரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும், பட்டையையும் சுரண்டும்.

காலை ஏழு மணிக்கு அந்த மரத்தைப் பார்த்தால் நெஞ்சுயரத்தில் பழுப்பும் சாம்பலுமாகக் கோணிச் சாக்கை ஈரத்தோடு சுற்றிவிட்டது போல இருக்கும். மூன்றடி தள்ளி நின்று கவனித்தால் அதன் ஓரம் நெளிவது தெரியும். தலைகள் எல்லாம் அநேகமாக ஒரே திசையில் இருக்கும். பக்கத்தில் பலமாகத் தட்டினாலோ ஊதினாலோ மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் உடம்பைச் சிலிர்க்கும். மரத்தடியில் கறுப்பு மிளகளவு எச்சம் கொட்டிக்கிடக்கும். மேலே அண்ணாந்து பார்ப்பதற்கு முன்பே, இந்த எச்சத்தைப் பார்த்தவுடன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விலகிவிடலாம். இதன் சொணை உதிரும் வகை. அரிப்பும் தடிப்பும் வரும். பலருக்கு அது காணாக்கடி போலத் திட்டுத் திட்டாகப் பரவும்.

*ஆமணக்கு, ரோஜா, மாதுளை.* காலி மனைகளில் தானாக முளைத்த ஆமணக்கிலும் மாடித் தோட்டத்து ரோஜாவிலும் இன்னொரு புழு வரும். சிவந்த தலை, தலையைச் சுற்றி வெள்ளை மயிர், வால் பக்கம் நீண்ட மயிர்க்கொத்து. யூப்ராக்டிஸ் இனம் இது. அளவில் சிறியது, ஆனால் அரிப்பில் பெரியது. இந்த இனத்தின் தாய்ப்பூச்சி தன் வயிற்று மயிரை உதிர்த்து முட்டைக் குவியலை மூடிவைக்கும். ஆகவே இலையில் பஞ்சு ஒட்டியது போலத் தெரிந்தால் அதையும் விரலால் சுரண்டக் கூடாது.

*கொய்யா, நாவல், தெருவோர நாட்டு வாதாம்.* இவற்றில் உடம்பின் இரு பக்கமும் மயிர் விசிறியாக நீட்டிக்கொண்டு, பட்டையோடு பட்டையாகப் படுத்திருக்கும் பெரிய புழு வரும். டிரபாலா விஷ்ணு என்பது இதன் பெயர். கொய்யாப் பழத்துக்காக மரத்தில் ஏறும் பையன்களுக்குத் தொடையிலும் முழங்கையிலும் தடிப்பு வந்தால், பட்டையில் இது படுத்திருந்ததா என்று பாருங்கள்.

*தென்னை, மா, வாழை.* இங்கே வருவது நத்தைப்புழு. கம்பளிப்பூச்சி மாதிரியே இருக்காது. பளிச்சென்ற பச்சை, நடுமுதுகில் நீலக் கோடு, ஓரங்களில் வரிசையாகச் சிறு முட்கொத்துகள். கால் இருப்பதே தெரியாமல் வழுக்கிக்கொண்டு போகும். அழகாக இருப்பதால் குழந்தைகள் ஆசையோடு தொடுவார்கள். ஆனால் நம் தோட்டத்தில் அதிகமாக வலிக்கக் கூடியது இதுதான், ஏனென்றால் இதனிடம் இருப்பது நஞ்சு முள். தென்னை ஓலை வெட்டுபவர்களும் மாவிலை பறிப்பவர்களும் இதை நன்றாக அறிவார்கள். தோரணத்துக்கு மாவிலை பறிக்கும்போது இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கையை வையுங்கள். மரத்தில் ஒட்டியிருக்கும் இதன் கூடு சிறிய ஓடு போலக் கெட்டியாக இருக்கும்; அதன்மேலும் முள் இருக்கும்.

*வயல்வெளி.* திண்டிவனம், விழுப்புரம் பக்கம் கடலைக் காட்டில் மழைக்குப் பின் படையெடுக்கும் சிவப்புக் கம்பளிப்புழு பயிருக்குத்தான் பெரிய பகை. கையாலேயே பொறுக்கி அழிக்கும் விவசாயிகள் உண்டு. ஆனாலும் குழந்தைகள் அதைப் பார்த்துப் பழகிக்கொண்டு முருங்கைப் புழுவில் கை வைக்கக் கூடாது.

*பயமே வேண்டாதவை.* கறிவேப்பிலைச் செடியிலும் எலுமிச்சையிலும் முதலில் பறவை எச்சம் போலவும் பிறகு பச்சையாகவும் இருக்கும் புழு, பட்டாம்பூச்சியாகப் போவது. சீண்டினால் தலைக்கு மேல் ஆரஞ்சு நிறக் கவை ஒன்றை நீட்டி ஒரு நாற்றம் விடும், அவ்வளவுதான். அரளியிலும் நந்தியாவட்டையிலும் இருக்கும் வால்கொம்புப் புழுவும், எருக்கஞ்செடியில் இருக்கும் கறுப்பு மஞ்சள் வரிப் புழுவும் தொட்டால் ஒன்றும் செய்யாதவை. வேலியில் படரும் சிறுபூனைக்காலியில் கிளைத்த முள்ளோடு ஒரு புழு இருக்கும். பார்க்க முரட்டுத்தனம், ஆனால் அந்த முள்ளில் நஞ்சு இல்லை. இவற்றை அடித்துக் கொல்ல வேண்டாம். ஒரு கறிவேப்பிலைக் கொத்து போனால் போகட்டும், வாசலில் ஒரு பட்டாம்பூச்சி கிடைக்கும்.

தொட்டுவிட்டால்: வரிசையாகச் செய்ய வேண்டியவை

1. புழு உடம்பில் ஒட்டியிருந்தால் கையால் தட்டாதீர்கள். ஒரு குச்சியாலோ மடித்த காகிதத்தாலோ தூக்கி அகற்றுங்கள். சட்டைக்குள் விழுந்திருந்தால் சட்டையை உதறாமல் மெதுவாகக் கழற்றுங்கள்.

2. தேய்க்காதீர்கள், சொறியாதீர்கள். குழந்தையானால் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பேச்சுக்கொடுங்கள்.

3. செல்லோ டேப்பை எடுத்து, பட்ட இடத்தில் ஒட்டி உரியுங்கள். ஒவ்வொரு முறையும் புதிய துண்டு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் டேப்பில் மயிர் ஒட்டியிருப்பது தெரியும். மயிர் வருவது நிற்கும்வரை செய்யலாம். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியும் இதற்கு உதவும். கண் இமையில் மட்டும் இதைச் செய்யக் கூடாது.

4. பிறகு குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். துண்டால் அழுத்தித் துடைக்காமல் காற்றில் உலர விடுங்கள்.

5. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்து எடுங்கள். வலியும் அரிப்பும் குறையும். நத்தைப்புழு பட்ட எரிச்சலுக்கு இது நல்ல உதவி.

6. கலமைன் லோஷன் தடவலாம். அரிப்பு தூங்கவிடாத அளவு இருந்தால் செட்டிரிசின் போன்ற ஒவ்வாமை மாத்திரை உதவும். குழந்தைகள், கர்ப்பிணிகள், ஏற்கெனவே வேறு மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

7. போட்டிருந்த உடைகளைத் தனியாக வெந்நீரில் அலசித் துவையுங்கள். மற்றத் துணிகளோடு மெஷினில் போட்டால் சொணை அவற்றிலும் ஏறும்.

தடிப்பு பொதுவாகச் சில நாட்களில் வற்றும். சொறிந்து புண்ணாகிச் சீழ் வைத்தாலோ, சிவப்பு நாளுக்கு நாள் பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.

கண்ணில் பட்டால்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

சொணை கண்ணுக்குள் போனால் வெறும் தூசி போல அது வெளியே வந்துவிடாது. அதன் பக்கவாட்டு முட்கள் ஒரே திசையில் சாய்ந்திருப்பதால் ஒவ்வொரு சிமிட்டலிலும் ஒவ்வொரு கசக்கலிலும் அது முன்னோக்கித்தான் நகரும். இமையின் உட்புறத்திலும் கருவிழியிலும் குத்தி நிற்கும். சில நேரம் கண்ணின் உட்பகுதி வரை போய்ச் சேரும். நாட்கள், வாரங்கள் கழித்தும் சிவப்பும் வலியும் திரும்பத் திரும்ப வரும். கண் மருத்துவத்தில் நூறாண்டுகளுக்கு மேலாக அறியப்பட்ட நோய் இது. ஆஃப்தால்மியா நோடோசா என்று 1904இலேயே பெயர் வைத்திருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது: கசக்காதீர்கள். கையை சோப்பால் கழுவிய பிறகே முகத்தின் பக்கம் கொண்டுபோங்கள். காண்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றுங்கள். சுத்தமான தண்ணீரைக் கண்ணின் மேல் பதினைந்து நிமிடம் மெல்ல ஓடவிடுங்கள். பிறகு, கண் எரியவில்லை என்று தோன்றினாலும் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். பிளவு விளக்குக் கருவியில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் சொணை தெரியும். இமையைப் பிரட்டி ஒவ்வொன்றாக எடுப்பார்கள். இதை வீட்டில் பஞ்சாலோ கைக்குட்டை நுனியாலோ செய்ய முயல வேண்டாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நீங்களாக விடவும் வேண்டாம்.

தாம்பரத்திலிருந்து மின்சார ரயில் ஏறினால் எழும்பூர் நேர் வழி. அங்குள்ள அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கியது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. வீட்டருகே கண் மருத்துவர் இருந்தால் அங்கே முதலில் போகலாம். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல் இருப்பதுதான் முக்கியம்.

வாயில் போட்டுக்கொண்டால்

தவழும் குழந்தை கையில் கிடைத்ததை வாயில் வைக்கும். கம்பளிப்பூச்சியைக் கடித்த குழந்தை திடீரென்று வீறிட்டு அழும், எச்சில் வடிக்கும், பால் குடிக்க மறுக்கும். உதட்டிலும் நாக்கிலும் மயிர் குத்தி நிற்கும். வாயில் தெரியும் புழுத்துண்டை ஈரத் துணியால் மெல்ல எடுங்கள். தொண்டைக்குள் விரலை விடாதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். விழுங்கியிருந்தால் தொண்டைக்குள்ளும் மருத்துவர் பார்க்க வேண்டியிருக்கும்.

வீட்டு நாய்க்கும் இதே கதைதான். மூக்கால் முகர்ந்து நக்கிவிட்டு நாக்கு வீங்கி எச்சில் ஒழுக்கினால், வாயைத் தண்ணீரால் அலசிவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

108ஐ அழைக்க வேண்டிய நேரம்

மூச்சு வாங்குதல் அல்லது இழுப்பு; உதடு, நாக்கு, முகம் வீங்குதல்; குரல் அடைத்தல்; தலைசுற்றி மயக்கம் வருதல்; பட்ட இடத்தை விட்டு உடம்பு முழுக்கத் தடிப்பு பரவுதலோடு வாந்தி. இவற்றில் ஏதாவது ஒன்று வந்தாலும் காத்திருக்க வேண்டாம், 108ஐ அழையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும், முன்பு குளவி, தேனீ கொட்டியதில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

கைவைத்தியம் பற்றி

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வழி உண்டு. அவற்றை ஒரேயடியாகத் தள்ளவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு செய்யவும் வேண்டாம். சொணையை எடுத்துக் கழுவிய பிறகு செய்வதா, அதற்கு முன்பே தேய்ப்பதா என்பதுதான் இங்கே அளவுகோல்.

தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து அந்த இடத்தில் தேய்ப்பது பல ஊர்களில் வழக்கம். முடியில் சில சொணை ஒட்டி வரலாம். ஆனால் மீதி உடைந்து உள்ளே போகும், தலையிலிருந்து கண்ணுக்கும் இறங்கும். இதை விட்டுவிடுங்கள். திருநீறு, சாம்பல், சாணம் போட்டுத் தேய்ப்பதையும் விட்டுவிடுங்கள். அரித்துச் சொறிந்த தோலில் சாணம் பட்டால் கிருமித் தொற்று வரும். சுண்ணாம்பு தோலைப் பொத்துவிடும், குழந்தைக்கு வேண்டவே வேண்டாம்.

சோற்றுக் கற்றாழையின் சோறு குளிர்ச்சி தரும். டேப் போட்டு சோப்பால் கழுவிய பிறகு தடவலாம். தேங்காய் எண்ணெயும் காய்ந்த தோலுக்கு இதமாக இருக்கும். அதுவும் கழுவிய பிறகுதான். சித்த மருத்துவத்தில் நம்பிக்கை உள்ளவர்களுக்குத் தாம்பரம் சானடோரியத்திலேயே தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது; அரிப்பு நாள்பட்டு நின்றால் அங்கே மருத்துவரிடமே காட்டலாம். கண், மூச்சு, தொண்டை ஆகிய மூன்றுக்கும் மட்டும் எந்தக் கைவைத்தியமும் கிடையாது.

மரத்திலிருந்து அகற்றுவது

முருங்கைப் புழு பகலில் அடிமரத்தில் கூட்டமாகக் கிடப்பது நமக்குக் கிடைத்த வசதி. இரவில் கிளை கிளையாகத் தேட வேண்டியதை, காலையில் ஓரிடத்தில் முடித்துவிடலாம்.

முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை, ரப்பர் கையுறை, முகக்கவசம், கண்ணாடி, தலையில் துண்டு. மழைக்கோட்டு இருந்தால் இன்னும் நல்லது. வழவழப்பான துணியில் சொணை ஏறாது. காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து மரத்தை நோக்கி வீசும்படி நில்லுங்கள். பக்கத்து வீட்டுக்கும் சொல்லி, இரு வீட்டிலும் காயும் துணிகளை எடுத்துவிட்டு, கிணற்றையும் சம்ப் மூடியையும் மூடுங்கள்.

முதலில் நனையுங்கள். வேளாண் மருந்துக் கடைகளில் கிடைக்கும் மீன் எண்ணெய் சோப்பை லிட்டருக்கு 25 கிராம் கரைத்துக் கூட்டத்தின் மேல் நன்றாகப் படும்படி தெளிக்கலாம். முருங்கைக்கு வேளாண் துறையினர் பரிந்துரைக்கும் முறை இது. கிடைக்காவிட்டால் துணி சோப்புக் கரைசலும் ஓரளவு வேலை செய்யும். நனைந்த புழுவின் சொணை பறக்காது. நனைந்த பிறகு நீளக் கைப்பிடித் துடைப்பத்தால் சோப்புத் தண்ணீர் உள்ள வாளிக்குள் தள்ளுங்கள். பிறகு ஓரடி ஆழத்தில் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். துடைப்பத்தையும் கையுறையையும் சோப்பில் ஊறவைத்து அலசுங்கள்.

தீப்பந்தம் கொண்டு பொசுக்குவது தோப்புகளில் நெடுநாள் வழக்கம். ஆனால் வீடும் வீடும் ஒட்டி நிற்கும் நம் தெருக்களில் அதைச் செய்ய வேண்டாம். பட்டை வெந்து மரம் கெடும்; மேலே மின்கம்பி போகும்; பொசுங்காத சொணை சூட்டுக் காற்றில் எழுந்து பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் போகும். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் கூடாது. கீரையும் பூவும் காயும் பறித்துச் சமைக்கும் மரத்தில் கடையில் கொடுத்த ஏதோ ஒரு பூச்சிமருந்தை அடிப்பது எல்லாவற்றையும் விடத் தவறு. புழு சில வாரத்தில் போய்விடும். மருந்து சாம்பாருக்குள் வரும்.

அடுத்த மழைக்கு முன் செய்ய வேண்டியவை இன்னும் எளியவை. மரத்தைக் கவாத்து செய்து கைக்கெட்டும் உயரத்தில் வையுங்கள். மரத்தடி மண்ணைக் கொத்திப் புரட்டிவிட்டால் உள்ளிருக்கும் கூட்டுப்புழுக்கள் வெயிலுக்கும் மைனாவுக்கும் வெளியாகும். நல்ல மழை பெய்த இரவுகளில் மரத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு விளக்கைத் தொங்கவிட்டு, கீழே சோப்புத் தண்ணீர்த் தட்டு வைத்தால் தாய்ப்பூச்சிகள் வந்து விழும். முட்டைக் கொத்து உள்ள இலையைக் கண்டால் காம்போடு வெட்டி எடுத்து நீரில் அமிழ்த்துங்கள். ஒரு முட்டைக் கொத்தை எடுப்பது ஒரு மரத்துப் புழுக்கூட்டத்தை எடுப்பதற்குச் சமம்.

இந்த வேலையில் நமக்குத் துணையும் உண்டு. செம்போத்தும் சுடலைக்குயிலும் கம்பளிப்பூச்சியை விரும்பித் தின்பவை. பூச்சிமருந்து அடித்த மரத்துக்கு அவை வந்தால் அவற்றுக்கும் கேடு.

தெருவோர மரமோ பூங்கா மரமோ பாதிக்கப்பட்டிருந்தால் தனியாக இறங்க வேண்டாம். 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சியில் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் எல்லாம் அடக்கம். மரம் இருக்கும் தெருவையும் அருகிலுள்ள பள்ளி அல்லது அங்கன்வாடியையும் குறிப்பிட்டு மாநகராட்சியில் மனுக் கொடுத்தால் அவசரம் புரியும்.

புழுக்காலத்தில் வீட்டில் கவனிக்க

முருங்கைக்கு அடியில் கொடி கட்டித் துணி உலர்த்தாதீர்கள், முக்கியமாகக் குழந்தைத் துணியையும் உள்ளாடையையும். மரத்தடியில் ஊஞ்சலோ, சைக்கிளோ, தொட்டிலோ வேண்டாம். வெளியே விட்ட செருப்பையும் ஹெல்மெட்டையும் தட்டிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். முருங்கைக்கீரை ஆய்வதற்கு முன் கொத்தை முறத்தில் போட்டுப் பார்த்து, இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள். சுவரில் ஊரும் புழுவை உலர்ந்த துடைப்பத்தால் அடிக்காதீர்கள். காகிதத்தில் ஏற்றி அப்புறப்படுத்துங்கள்.

பள்ளி ஆசிரியர்கள் மழைக்கால முதல் வாரத்தில் பிள்ளைகளுக்கு மூன்றே வாக்கியம் சொல்லிக்கொடுத்தால் போதும்: மயிர் உள்ள புழுவைத் தொடாதே. பட்டால் தேய்க்காதே, டீச்சரிடம் சொல். கண்ணைக் கசக்காதே.

மரத்தை வெட்டாதீர்கள்

ஒவ்வொரு ஆண்டும் புழுவுக்குப் பயந்து இந்தப் பக்கம் நல்ல முருங்கை மரங்களை அடியோடு வெட்டிவிடுகிறார்கள். வெட்ட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. இலை போன முருங்கை சில வாரத்தில் மறுபடி துளிர்க்கும். புழு வருவதும் ஆண்டில் சில வாரங்கள்தான். அந்தச் சில வாரம் விலகி நின்று, ஒரு காலைப்பொழுது சோப்புத் தண்ணீரோடு வேலை செய்தால் மீதி மாதங்கள் கீரையும் காயும் கிடைக்கும். புழுவிடமிருந்து குழந்தையைக் காப்பாற்றுங்கள். கோடரியிடமிருந்து மரத்தைக் காப்பாற்றுங்கள். இரண்டையும் ஒரே வீட்டில் செய்ய முடியும்.